பரவிடுச்சுன்னு சொன்ன பிறகும் எலும்புல ஆபரேஷன் எதுக்கு? – வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

கிட்னி கேன்சர் எலும்புக்கு பரவினா என்ன பண்றதுன்னு அடுத்தடுத்து கடிதம் வந்திருக்கு, அதனால இந்த இதழ் பகுதி முழுக்க அதுக்கே. பேர் போட வேண்டாம்னு கேட்டவங்க பேரை விட்டுட்டேன், ஊர் மட்டும் இருக்கு.

கேள்வி: எங்க அப்பாவுக்கு 61 வயசு டாக்டர். வலது தொடையில வலின்னு சொல்லிட்டே இருந்தார், மூட்டு தேய்மானம்னு நெனச்சு வலி மாத்திரை வாங்கிக் குடுத்துட்டு இருந்தோம். எக்ஸ்ரே எடுத்தப்ப இடுப்புக்கு கொஞ்சம் கீழ தொடை எலும்பு அரிச்சுப் போயிருக்குன்னாங்க. அப்புறம் ஸ்கேன்ல இடது கிட்னியில 9 செ.மீ. கட்டி, நுரையீரல்லயும் சின்னச் சின்னதா புள்ளி. பயாப்ஸியில கிட்னி கேன்சர்னு வந்துடுச்சு. இப்ப ஒரு ஆர்த்தோ டாக்டர் கால்ல உடனே ராடு போடணும்ங்கறார். சொந்தக்காரங்க எல்லாம் பரவினதுக்கு அப்புறம் கத்தி வெச்சா இன்னும் வேகமா பரவும், அவரை நிம்மதியா விடுங்கன்னு சொல்றாங்க. ராடு போட்டா கேன்சர் போயிடுமா? கிட்னியைத்தானே முதல்ல எடுக்கணும்? – ஒரு மகள், கரூர்

பதில்: முதல்ல ஒரு விஷயத்தை தெளிவா சொல்லிடறேன்மா. ராடு போட்டா கேன்சர் போகாது. அந்த ஆர்த்தோ டாக்டரும் அதுக்காக சொல்லல. அப்பா தன் கால்ல எழுந்து பாத்ரூம் போகணும், வலி இல்லாம ராத்திரி தூங்கணும், கேன்சருக்கான மருந்தை ஆரம்பிக்கற அளவுக்கு உடம்பு தெம்பா இருக்கணும், இதுக்குத்தான் அந்த ஆபரேஷன். "பரவிடுச்சு, இனிமே எதுக்கு"ன்னு கேக்கறவங்க இந்த ரெண்டையும் போட்டு குழப்பிக்கறாங்க. குணமாக்க முடியலைங்கறதும் ஒண்ணுமே பண்ண முடியலைங்கறதும் ஒண்ணு இல்ல.

கிட்னி கேன்சர் எலும்புக்குள்ள போனா பெரும்பாலும் எலும்பை கரைச்சுக்கிட்டே போகும், கரையான் அரிச்ச உத்திரம் மாதிரி வெளியில பாக்க நேரா இருக்கும், பாரம் விழுந்தா ஒடிஞ்சிடும். ப்ராஸ்டேட் கேன்சர் மாதிரி சிலது எலும்பை கெட்டியாக்கிட்டு உக்காரும், இது அப்படி இல்ல. எலும்பு எப்ப ஒடியும்னு கணிக்க மிரெல்ஸ்ங்கற டாக்டர் 1989ல ஒரு மதிப்பெண் முறை எழுதினார், இன்னைக்கும் அதைத்தான் பாக்கறோம். எந்த இடம், எவ்வளவு வலி, கரைஞ்சிருக்கா கெட்டியாயிருக்கா, எலும்போட அகலத்துல எவ்வளவு போயிருக்கு, இந்த நாலுக்கும் 1லேர்ந்து 3 வரைக்கும் மார்க். மொத்தம் 12. 9 அல்லது அதுக்கு மேல வந்தா ஒடியறதுக்கு முன்னாடியே கம்பி போட்டுடணும், 8னா யோசிச்சு முடிவு பண்ணணும், 7க்குள்ளன்னா பொதுவா ரேடியேஷனே போதும். உங்க அப்பாவுக்கு இடுப்புக்கு கீழ இருக்கற அந்த இடத்துக்கு 3, கரைஞ்ச எலும்புக்கு 3, கால் ஊனினா வலின்னா அதுக்கு 3, இந்த மூணுலயே 9 வந்துடுது பாருங்க, அளவு எவ்வளவுன்னு பாக்கறதுக்கே அவசியமில்ல. உடனேன்னு அவர் சொன்னதுல அர்த்தம் இருக்கு. படுத்திருக்கும்போது இல்லாம கால் ஊனும்போது மட்டும் குத்தற வலியை ரொம்ப சீரியஸா எடுத்துக்கணும், அது எலும்பு தாங்க மாட்டேங்குதுன்னு சொல்ற வலி.

ஒடிஞ்சதுக்கு அப்புறம் பண்ணிக்கலாமேன்னு காத்திருக்கறதுதான் இதுல நடக்கற பெரிய தப்பு. ஒடிஞ்ச பிறகு பண்ற ஆபரேஷன்ல ரத்தம் அதிகம் போகும், வலி அதிகம், ஆஸ்பத்திரியில அதிக நாள், திரும்ப நடக்கறதும் லேட்டாகும். அதுவும் படுத்த படுக்கையா ஆயிட்டா கால் ரத்தக்குழாய்ல ரத்தக்கட்டு, முதுகுல புண்ணு, நெஞ்சுல சளின்னு ஒண்ணு பின்னாடி ஒண்ணு வரும், கேன்சர் டாக்டரும் இந்த நிலைமையில மருந்து தாங்குவாரான்னு தயங்க ஆரம்பிச்சுடுவார். ஆபரேஷன் ஆகற வரைக்கும் அப்பாவை அந்தக் கால்ல பாரம் போட விடாதீங்க, வாக்கர் வாங்கிக் குடுங்க, படிக்கட்டு வேண்டவே வேண்டாம், பாத்ரூம்ல வழுக்காம பாத்துக்கோங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், இதை நீங்களே டாக்டர்கிட்ட கேளுங்க: "எம்போலைசேஷன் பண்ணுவீங்களா சார்?" கிட்னி கேன்சர் எங்க போனாலும் கூடவே நிறைய ரத்தக்குழாயை வளத்துக்கிட்டு போகும். சாதாரண எலும்பு முறிவுன்னு நெனச்சு திறந்தா லிட்டர் கணக்குல ரத்தம் போகலாம், டேபிள்லயே உயிருக்கு ஆபத்து. அதனால ஆபரேஷனுக்கு முந்தின நாள் இல்லன்னா ரெண்டு நாள் முன்னாடி ஆஞ்சியோ பண்ற மாதிரி குழாய் விட்டு அந்தக் கட்டிக்கு போற ரத்தக்குழாய்களை அடைச்சுடுவாங்க. ரொம்ப நாள் இடைவெளி விட்டா வேற வழியா ரத்தம் திரும்ப வந்துடும், அதனால ரெண்டு தேதியையும் பக்கத்து பக்கத்துல வெக்கணும். இதுல ரத்தக்குழாய் படத்துல தெரியறதுக்கு டை ஊசி போடுவாங்க, கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டற கிரியேட்டினின் ரத்த டெஸ்ட்ல எவ்வளவுன்னு பாத்துட்டுதான் போடணும். ரத்தம் ரெடியா ஏற்பாடு பண்ணி வெச்சுக்கோங்க. இந்த வசதி இல்லாத இடத்துல இந்த ஆபரேஷனை நான் பண்ணிக்கச் சொல்ல மாட்டேன்.

ராடுன்னா வெறும் ராடு மட்டும்னு நெனச்சுக்காதீங்க. எலும்புக்குள்ள இடுப்பு மூட்டு கழுத்துலேர்ந்து முட்டி கிட்ட வரைக்கும் நீளமா போடுவாங்க, ஏன்னா அதே எலும்புல இன்னொரு இடத்துல நாளைக்கு வந்தாலும் தாங்கணும். தேவைப்பட்டா கட்டியை சுரண்டி எடுத்துட்டு அந்தக் குழியில எலும்பு சிமெண்ட் வெச்சு நிரப்புவாங்க. புண்ணு ஆறினதும், பொதுவா ரெண்டுலேர்ந்து நாலு வாரத்துக்குள்ள, அந்த எலும்பு முழுசுக்கும் கரண்ட் வைப்பாங்க, அதாவது ரேடியேஷன். இதை சில குடும்பங்கள் நடக்க ஆரம்பிச்சுட்டாரே, இனி எதுக்குன்னு விட்டுடறாங்க, விடக்கூடாது. இந்த கேன்சர் வந்த எலும்பு தானா ஒட்டறது ரொம்ப அபூர்வம், பாரத்தை எல்லாம் கம்பிதான் சுமக்குது, சுத்தி கேன்சர் திரும்ப வளந்தா கம்பியே ஒரு நாள் உடையும் இல்லன்னா தளரும். அதனாலதான் நல்லா வருஷக்கணக்குல இருப்பார்னு தோணற நோயாளிக்கு ராடை விட, கெட்ட எலும்பை அப்படியே வெட்டி எடுத்துட்டு செயற்கை மூட்டோட பெரிய உலோக எலும்பு வெக்கறது நல்லதுன்னு நெனக்கிறோம். உங்க அப்பாவுக்கு எதுங்கறது எம்ஆர்ஐ பாத்துட்டு முடிவாகும், ரெண்டுல எது, ஏன்னு கேளுங்க, கேக்கறதுல தப்பே இல்ல.

கத்தி வெச்சா பரவும்ங்கறதுக்கு வரேன். ஏற்கனவே ரத்தம் வழியா நுரையீரலுக்கும் எலும்புக்கும் போனது அது, கத்தி அதை கொண்டு போகல. அந்த பயத்துல ஒரே ஒரு இடத்துல நியாயம் இருக்கு, அடுத்த கடிதத்துல சொல்றேன்.

கிட்னி முதல்லயாங்கற கேள்வி. முன்னாடி எல்லாம் பரவியிருந்தாலும் முதல்ல கிட்னியை எடுங்கன்னுதான் சொல்லிட்டு இருந்தோம், 2001ல வந்த ரெண்டு ஆராய்ச்சி அப்படித்தான் காட்டுச்சு, ஆனா அப்ப இருந்த மருந்து இன்டர்ஃபெரான். 2018ல பிரான்ஸ்லேர்ந்து கார்மீனான்னு ஒரு ஆராய்ச்சி வந்துது, 450 பேர், பாதிப் பேருக்கு கிட்னியை எடுத்துட்டு சுனிடினிப் மாத்திரை, மீதிப் பேருக்கு கிட்னியை எடுக்காம மாத்திரை மட்டும். மாத்திரை மட்டும் சாப்ட்டவங்க எந்த விதத்துலயும் குறைஞ்சு போகல, பாதிப் பேர் உயிரோட இருந்த காலம் அவங்களுக்கு 18.4 மாசம், கிட்னி எடுத்தவங்களுக்கு 13.9 மாசம். அதுக்கப்புறம் இம்யூனோதெரபி, அதாவது உடம்போட எதிர்ப்பு சக்தியையே கேன்சருக்கு எதிரா தூண்டி விடற மருந்துகள் எல்லாம் வந்து நிலைமை இன்னும் மாறியிருக்கு. உங்க அப்பா மாதிரி பல இடத்துல பரவினவங்களுக்கு காலை சரி பண்ணி, மருந்தை ஆரம்பிச்சு, அது நல்லா கேட்டா பிறகு கிட்னியைப் பத்தி யோசிக்கறதுதான் பல சமயம் சரியான வரிசை. யூரின்ல ரத்தம் நிக்காம போகுது, தாங்க முடியாத வலின்னா அது வேற.

கேள்வி: எனக்கு 2013ல வலது கிட்னியில கட்டின்னு கிட்னியையே எடுத்துட்டாங்க. அஞ்சு வருஷம் செக்கப் போனேன், எல்லாம் க்ளியர்னு சொன்னதும் விட்டுட்டேன். இப்ப இடது தோள்கிட்ட கை எலும்புல ஒரு கட்டி. வேற எங்கயும் இல்லையாம். இத்தனை வருஷம் கழிச்சு அதேவா வரும்? சிம்பிளா ஒரு கம்பி போட்டு ரேடியேஷன் குடுத்துடலாம்னு பக்கத்துல ஒரு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. – வாசகர், திருநெல்வேலி

பதில்: வரும் சார். கிட்னி கேன்சர் பத்து வருஷம், அதுக்கும் மேல கழிச்சு கூட தலை தூக்கும், இந்தக் குணம் இதுக்கு கொஞ்சம் அதிகமாவே உண்டு. ஆனா உங்க கடிதத்துல எனக்கு நம்பிக்கை குடுக்கற ரெண்டு விஷயம் இருக்கு, இடைவெளி ரொம்ப நீளம், அதோட ஒரே இடம். இப்படிப்பட்டவங்களுக்கு எலும்புல இருக்கறதை முழுசா, சுத்தி நல்ல சதையோட சேத்து வெட்டி எடுத்தா பல வருஷம் நல்லா இருக்க வாய்ப்பு இருக்கு.

இது புதுசா கண்டுபிடிச்சதும் இல்ல. அமெரிக்காவுல பார்னி, சர்ச்சில்னு ரெண்டு டாக்டர்கள் 1939லயே எழுதியிருக்காங்க, கிட்னி கேன்சர் நுரையீரல்ல ஒரு இடத்துல பரவின ஒரு அம்மாவுக்கு கிட்னியையும் எடுத்து நுரையீரல்ல அந்தப் பகுதியையும் எடுத்தாங்க. அந்த அம்மா அதுக்கப்புறம் 23 வருஷம் இருந்து கடைசியில ஹார்ட் பிரச்னையிலதான் இறந்தாங்க. எல்லாருக்கும் இப்படி நடக்கும்னு சொல்ல வரல. ஒரே இடத்துல இருக்கறப்ப அரைகுறை வைத்தியம் பண்ணிடக் கூடாதுன்னுதான் சொல்றேன்.

அதனால கம்பிக்கு இப்ப சம்மதிக்காதீங்க. முதல்ல அது கிட்னி கேன்சர்தானான்னு ஊசி பயாப்ஸி பண்ணி உறுதி பண்ணணும், அதையும் பின்னாடி ஆபரேஷன் பண்ணப்போற டாக்டரே, இல்ல அவர் சொல்ற வழியாவே பண்ணணும், ஏன்னா அந்த ஊசி போன பாதையையும் சேத்து வெட்ட வேண்டி வரலாம். அது எலும்புலயே பிறந்த வேற கேன்சரா இருந்து, பாக்காம ராடை அடிச்சு உள்ள இறக்கிட்டா எலும்பு முழுக்க நாமே பரப்பி விட்ட மாதிரி ஆயிடும், கை போற அளவுக்கு கொண்டு போயிடலாம். கரூர் மகளுக்கு நியாயம் இருக்குன்னு சொன்ன இடம் இதுதான். உடம்பு முழுக்க ஒரு தடவை பெட் சிடி ஸ்கேன் இல்ல சாதா சிடி ஸ்கேன் எடுத்துப் பாருங்க. வெறும் எலும்பு ஸ்கேனை (போன் ஸ்கேன்) நம்பி ஒரே இடம்னு முடிவுக்கு வந்துடாதீங்க, கரைக்கற வகை கட்டி அதுல சில சமயம் தெரியாம போகும். எலும்பு கேன்சருக்குன்னே தனியா இருக்கற ஆர்த்தோ டாக்டரைப் பாருங்க. மேல் கை எலும்புக்கு மெகா ப்ராஸ்தசிஸ், அதாவது முன்னாடி சொன்ன பெரிய உலோக எலும்பு வெச்சா கையை தலைக்கு மேல தூக்கறது பல பேருக்கு முடியாது, ஆனா முழங்கையும் விரலும் நல்லா வேலை செய்யும், சாப்பிடலாம், எழுதலாம், பட்டன் போடலாம். இதை முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு போனா பிறகு மனசு கஷ்டப்படாது.

கேள்வி: அம்மாவுக்கு கிட்னி கேன்சர், முதுகெலும்புல பரவியிருக்கு. மாத்திரை சாப்பிடறாங்க. நாலு நாளா காலு ரெண்டும் மரத்துப் போற மாதிரி இருக்குங்கறாங்க, நேத்துலேர்ந்து நடக்கும்போது கால் மடங்குது. அடுத்த செக்கப் 12 நாள் கழிச்சு இருக்கு, அப்ப சொல்லிக்கலாமா? – நாகப்பட்டினம்

பதில்: இல்ல. இந்தக் கடிதம் கைக்கு வந்ததுமே நேரடியா போன் பண்ணி சொல்லியாச்சு, மத்தவங்களுக்காகத்தான் இங்க போடறேன். கால் மரத்துப் போறது, மடங்கறது, யூரின் வராம நிக்கறது இல்ல தெரியாம போறது, இதுல எது வந்தாலும் அன்னைக்கே எமர்ஜென்சி. தண்டுவடத்தை கட்டி அழுத்துதுன்னு அர்த்தம். ஸ்டீராய்டு ஊசி போட்டு, முதுகு முழுக்க எம்ஆர்ஐ எடுத்து, ஸ்பைன் சர்ஜனும் ரேடியேஷன் டாக்டரும் சேர்ந்து அன்னைக்கே பேசணும்.

2005ல அமெரிக்காவுல பட்செல்னு ஒரு டாக்டரோட குழு வெளியிட்ட ஆராய்ச்சியில 101 பேர், சிலருக்கு ரேடியேஷன் மட்டும், சிலருக்கு அழுத்தத்தை எடுத்துட்டு ரேடியேஷன். ஆபரேஷன் பண்ணவங்கள்ல 84 சதவீதம் பேர் பிறகு நடந்தாங்க, ரேடியேஷன் மட்டும் எடுத்தவங்கள்ல 57 சதவீதம். முழுசா 48 மணி நேரத்துக்கு மேல கால் விழுந்து போனவங்களை அதுல சேர்க்கவே இல்ல, அதுலயே தெரிஞ்சுக்கலாம் நேரம் எவ்வளவு முக்கியம்னு. சாதாரண ரேடியேஷனுக்கு கிட்னி கேன்சர் அவ்வளவா கேக்காது, அதனால முதுகெலும்புல ஆபரேஷனோட பங்கு இன்னும் அதிகம், இப்ப துல்லியமா ஒரு சில தடவையில அதிக அளவு குடுக்கற எஸ்பிஆர்டி வந்த பிறகு அதுவும் நல்லா வேலை செய்யுது. முதுகுல பண்ணும்போதும் முன்னாடி எம்போலைசேஷன் உண்டு, நேரம் இருந்தா.

கேள்வி: மாமாவுக்கு தொடை எலும்பு கேன்சர்னால ஒடிஞ்சிடுச்சு. ஆபரேஷனுக்கு பயந்து புத்தூர் கட்டு போடலாம்ங்கறார். – திருவள்ளூர்

பதில்: வேண்டாம்ங்க. நல்ல எலும்பு ஒடிஞ்சா அசையாம வெச்சா அது தானா ஒட்டும், கட்டு போடறதோட அடிப்படை அதுதான். இங்க ஒட்ட வேண்டிய எலும்பையே கேன்சர் தின்னுட்டு இருக்கு, எத்தனை மாசம் கட்டி வெச்சாலும் ஒட்டாது. அதுலயும் எண்ணெய் போட்டு உருவறது, இழுத்து நேராக்கறது எல்லாம் பண்ணினா உள்ள ரத்தம் கொட்டும். மாமாவோட பயம் எதுல இருக்குன்னு உக்காந்து பொறுமையா கேளுங்க. மயக்க மருந்தா, செலவா, டேபிள்லயே போயிடுவோமோன்னா? டாக்டர்கிட்ட அதை மாமாவே நேரா கேக்கட்டும், அவருக்குப் பதிலா நீங்க பேசி முடிச்சுடாதீங்க. உடம்பு ரொம்ப பலவீனம், இன்னும் சில வாரம்தான்னு இருந்தா டாக்டரே ஆபரேஷன் வேண்டாம்பார், அப்ப வலி ஊசி, நரம்பு மரத்துப் போக வெக்கறது, ஒரு தடவை ரேடியேஷன்னு வேற வழி இருக்கு.

கேள்வி: கணவருக்கு கிட்னி கேன்சருக்கு காபோசான்டினிப் மாத்திரை, மாசா மாசம் எலும்பு ஊசி. இப்ப தோள்ல ஆபரேஷன்ங்கறாங்க. மாத்திரையை நிறுத்தணுமா? செலவுக்கு முதலமைச்சர் காப்பீடு ஆகுமா? – கள்ளக்குறிச்சி

பதில்: நிறுத்தணும், ஆனா நீங்களா நிறுத்தாதீங்க, கேன்சர் டாக்டரும் ஆபரேஷன் டாக்டரும் பேசி தேதி குறிக்கணும். இந்த வகை மாத்திரைகள் புது ரத்தக்குழாய் வளர்றதை தடுக்கும், கேன்சருக்கு அது நல்லது, ஆறவேண்டிய காயத்துக்கு அது கெடுதல். அவசரமில்லாத ஆபரேஷன்னா காபோசான்டினிப், சுனிடினிப் ரெண்டுக்கும் குறைஞ்சது மூணு வாரம் முன்னாடி, அதே வகை பசோபனிப்னா ஒரு வாரம் முன்னாடி. திரும்ப ஆரம்பிக்கறது குறைஞ்சது ரெண்டு வாரம் கழிச்சு, காயம் நல்லா ஆறியிருந்தா மட்டும். எலும்பு ஒடிஞ்சு எமர்ஜென்சின்னா இந்தக் கணக்கு எல்லாம் பாக்க முடியாது, ஆனா இந்த மாத்திரை சாப்பிடறார்னு முதல்ல சொல்லிடுங்க, கூட போறவங்க மறந்துடறது இதைத்தான்.

எலும்பு கரையாம இருக்கப் போடற அந்த ஊசி எதுன்னு எழுதல. ஜோலிட்ரானிக் ஆசிட்னா கிட்னி வேலை செய்யற அளவைப் பொறுத்து டோஸ் குறைக்கணும், ரொம்ப குறைஞ்சிருந்தா போடவே கூடாது, ஒரு கிட்னியோட இருக்கறவங்களுக்கு ஒவ்வொரு தடவையும் கிரியேட்டினின் பாக்கணும். டெனோசுமாப்னா கிட்னிக்கு அந்தப் பிரச்னை இல்ல, ஆனா ரத்தத்துல கால்சியம் திடீர்னு இறங்கும், கால்சியமும் வைட்டமின் டியும் கூட எடுக்கணும். ரெண்டுக்குமே பல்லு பிடுங்கினா தாடை எலும்பு செத்துப் போற ஆபத்து இருக்கு, பல் வேலை எதுவா இருந்தாலும் டாக்டர்கிட்ட கேக்காம பண்ணாதீங்க. இதுக்கு நேர்மாறா, ஊசி போடாம இருக்கறவங்களுக்கு கால்சியம் ஏறவும் ஏறும், சதா தாகம், அடிக்கடி யூரின், மலச்சிக்கல், பேச்சுல தடுமாற்றம், வயசாயிடுச்சு மறதின்னு வீட்டுல நெனச்சுப்பாங்க, ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுடும்.

காப்பீட்டுல குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் வரைக்கும் இருக்கு, கேன்சர் ஆபரேஷன், ரேடியேஷன் எல்லாம் அதுல வரும். ஆனா உலோக எலும்பு முழுசா அடங்குமா, எம்போலைசேஷனுக்கு தனியா அனுமதி வேணுமான்னு அட்மிஷனுக்கு முன்னாடியே அந்த ஆஸ்பத்திரி காப்பீட்டு டெஸ்க்ல கேட்டுடுங்க. வெளிநாட்டு ப்ராஸ்தசிஸ் விலையைக் கேட்டு மலைச்சுப் போகாதீங்க, நம்ம நாட்டுலயே செய்யறது அதைவிட ரொம்ப கம்மி விலையில கிடைக்குது. போகும்போது பயாப்ஸி ரிப்போர்ட், ஸ்கேன் படம் இருக்கற சிடி தட்டு, மாத்திரை எப்ப ஆரம்பிச்சதுங்கற சீட்டு, கடைசி கிரியேட்டினின் ரிப்போர்ட், காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு எல்லாத்தையும் ஒரே பையில போட்டு எடுத்துட்டு போங்க. கையில ரிப்போர்ட் மட்டும் போதாது, ஸ்கேன் படம் இருந்தாத்தான் அன்னைக்கே சர்ஜன் பாத்து முடிவு சொல்ல முடியும்.